வலப்பக்கம் நடப்போம்

பஞ்சாபைச் சேர்ந்த ஃபௌஜா சிங்கைப் பற்றி நம்மில் பலர் செய்தித்தாளில் படித்திருப்போம். 89 வயதில் லண்டனில் முதல் மாரத்தான் ஓடியவர். 2011-ல், நூறு வயதில், டொராண்டோ மாரத்தானையும் ஓடி முடித்தார். பாஸ்போர்ட் கணக்குப்படி 114 வயது வரை இருந்த மனிதரை நோய் கொண்டுபோகவில்லை. 2025 ஜூலை 14 அன்று ஜலந்தர் அருகே சொந்த ஊரில் சாலையைக் கடக்கும்போது ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது.

சர்க்கரை, பிரஷர் என்று போனால் டாக்டர் முதலில் சொல்வது "தினமும் நடங்க" என்பதுதான். எங்கே நடப்பது என்று யாரும் சொல்வதில்லை. கள்ளக்குறிச்சியில் விடியற்காலையில் நடக்கும் நம் வயதுக்காரர்களும், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் பிள்ளைகளும் தார் ரோட்டு ஓரத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதிலும் பெரும்பாலோர் இடப்பக்கமே போகிறார்கள். "இடப்பக்கம் செல்" என்பது வண்டிக்குச் சொன்னது. நடப்பவர் இடப்பக்கம் போனால் வண்டி முதுகுக்குப் பின்னால் வரும். நமக்கோ காது மந்தமாகும் வயது. வலப்பக்கம் போனால் வண்டி எதிரே வரும்; பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பள்ளியில் பிரெஞ்சு படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பிரான்சில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். ஊருக்கு வெளியே நடப்பவர்கள் இடது ஓரமாகப் போக வேண்டும் என்று அங்கே சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் ஆபத்து வரும் என்றால் மட்டும் மாறிக்கொள்ளலாம். நம் கல்வராயன் மலைக்கு அந்த விதிவிலக்கும் வேண்டும். வெள்ளிமலைக்கு ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவில் உள் ஓரமாகப் போனால், இறங்கி வரும் வண்டிக்கு நம்மைத் தெரியாது. வளைவுக்கு முன்பே வெளிப்பக்கம் மாறி, தாண்டியபின் திரும்பிவிட வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் ஐந்து மணிக்கு இருட்டும் பனியும் சேர்ந்திருக்கும். கரும்பு டிராக்டர்கள் மில்லுக்குப் போகும் காலமும் அதுதான். பல டிரெய்லர்களுக்குப் பின்விளக்கு இருக்காது. அவற்றை முந்தும் வண்டி வலப்பக்கம் ஏறி வரும். ஆகவே வலப்பக்கம் நடந்தாலும் தாரில் நடக்காமல் மண் ஓரத்தில் நடப்பதே நல்லது. அந்தக் காலத்தில் வெள்ளை வேட்டி தூரத்திலேயே தெரிந்தது. இப்போது கறுப்பு டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு இருட்டோடு இருட்டாகப் போகிறோம். வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு சிறு டார்ச்சும் போதும். காதில் பாட்டு வேண்டாம். முடிந்தால் வெளிச்சம் வந்தபின் கிளம்புங்கள்.

எல்லாப் பொறுப்பையும் நடப்பவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. 2019-ல் தனி மாவட்டமான நமக்கு நடைபாதை வரும்வரை, அரசுப் பள்ளி மைதானங்களைக் காலை ஐந்து முதல் ஏழு வரை ஒரு விளக்கோடு திறந்துவிடலாம். இதற்குப் பெரிய செலவில்லை. நாலு பேர் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுப்போம். பக்கம் மாறி நடப்பதற்கு மனுவும் தேவையில்லை. அதை நாளைக் காலையே தொடங்கலாம்.