வடிகட்டிக்குள் தூரிகை இல்லை

சிற்றிதழ் அட்டைகளிலும் கல்லூரி ஆண்டு மலர்களிலும் ஒரே கை வரைந்தது போன்ற முகங்களைத் தொடர்ந்து கண்டுவருகிறோம். எழுத்தாளர் யாராயினும் அதே நீர்வண்ணக் கசிவு, அதே பென்சில் கோடு. உண்மையில் அங்கே வரைந்த கை எதுவுமில்லை. ஒரு புகைப்படமும் ஒரு சொடுக்கும் மட்டுமே உண்டு.

இப்பழக்கம் புதிதன்று. ஆல்டஸ் நிறுவனத்தை அடோபி 1994இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஆல்டஸின் 'கேலரி எஃபெக்ட்ஸ்' தொகுப்பிலிருந்த நீர்வண்ணம், உலர்தூரிகை, சுவரோவியம் முதலிய விளைவுகள் 1996இல் வந்த ஃபோட்டோஷாப் 4இல் சேர்ந்தன. 2015இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வான்கோ போன்றோரின் பாணியை நரம்பியல் வலையமைப்பு வழியாக எந்தப் படத்துக்கும் ஏற்றிக் காட்டினர். 2016இல் பிரிஸ்மா செயலி இவ்வித்தையைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் ஜிப்லி பாணிப் படங்கள் உலகெங்கும் பெருகின.

ஆயத்த விளைவே கூடாதென்று நாம் வாதிடவில்லை. அச்சுக்கூலிக்கே திண்டாடும் இதழ் ஓவியருக்கு எங்கே போகும்? ஆனால் அவ்விளைவை ஒருமுறையேனும் நம் கையால் உண்டாக்கிப் பார்க்கவேண்டும் என்கிறோம். பென்சில் ஓவிய விளைவையே எடுத்துக்கொள்வோம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அதன் நகலொன்றை மேலடுக்கில் வைத்து எதிர்மறையாக்குகிறோம். அவ்வடுக்கின் கலவை முறையைக் 'கலர் டாட்ஜ்' என மாற்றினால் படம் ஏறக்குறைய முழுவதும் வெளுத்துப்போகும். பிறகு மேலடுக்கைக் 'காஸியன் ப்ளர்' கொண்டு மங்கலாக்க, வெண்மையிலிருந்து கோடுகள் எழுகின்றன. மென்பொருள் இங்கே செய்வது ஒரு வகுத்தல் கணக்கு. ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் அதன் சுற்றுப்புறச் சராசரியால் வகுக்கிறது. அண்டையைவிட இருண்ட புள்ளி கோடாகிறது, மற்றவை வெளுக்கின்றன. மங்கலின் அளவைக் குறைத்தால் மெல்லிய கோடு, கூட்டினால் நிழலும் சேரும்.

சீர்பிரித்து அலகிட்டுப் பார்த்தவன் வெண்பாவில் தளை தட்டும் இடத்தை அறிவான். அதுபோலவே, இக்கணக்கை அறிந்தவர் விளைவு பொய்க்கும் இடத்தையும் அறிவார். கணக்குக்குக் கண்ணும் சட்டைப் பொத்தானும் ஒன்றே. இரண்டையும் ஒரே அக்கறையோடு அது வரையும். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி ஆதிமூலம் தீட்டிய காந்தி கோட்டோவியங்களை நினைத்துப் பார்க்கலாம். அவற்றின் வலிமையில் பாதி, அவர் வரையாமல் விட்ட இடங்களில் இருக்கிறது. எதை விடுவது என்னும் முடிவை எந்த வகுத்தலும் எடுப்பதில்லை.

நம்மை உறுத்துவது இன்னொன்றும் உண்டு. வடிகட்டியில் இட்டவுடன் புகைப்படம் 'ஓவியம்' ஆகிவிடுகிறது. அதை எடுத்தவரின் பெயர் காணாமல் போகிறது. எழுத்தாளரின் வாசல்வரை சென்று, ஒளிக்குக் காத்திருந்து, அந்த முகத்தைப் பிடித்தவர் அவர். அட்டையிலுள்ள மனித உழைப்பில் பெரும்பகுதி அவருடையது. எழுத்தில் ஒரு வரியை எடுத்தாண்டால் பெயர் சுட்ட வேண்டுமென்று வகுப்பறையில் வற்புறுத்தும் நாம், அட்டையில் மட்டும் வாளாவிருப்பது முறையாகுமா?

எனவே இதழாசிரியர்களிடம் நாம் வேண்டுவது எளியது. உள்பக்கத்தில் 'அட்டை ஓவியம்' என்றிருக்கும் இடத்தில் 'புகைப்படம்: இன்னார், விளைவு: மென்பொருள்' என்று அச்சிடுங்கள். ஓவியம் என்னும் சொல்லை வரைந்தவருக்காக வைத்திருங்கள்.