புறப்படுவதற்கு முன்

கடவுளோடு சமாதானம் ஆகாதவர் அந்தச் சமாதானத்தைப் பிறருக்குக் கொண்டுபோக முடியாது என்பதற்கு ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லியே சான்று. 1735-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியம் செய்யக் கப்பலேறியபோது அவரிடம் ஒழுக்கத்துக்கோ உபவாசத்துக்கோ குறைவில்லை. ஆனால் கடும்புயலில் அதே கப்பலில் இருந்த மொராவியக் கிறிஸ்தவர்கள் அமைதியாகப் பாடிக்கொண்டிருக்க, அவரை மரண பயம் பிடித்தது. மனமுடைந்துதான் இங்கிலாந்து திரும்பினார். 1738 மே 24 அன்று, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோது, தன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற உறுதி அவருக்குள் வந்தது. அடுத்த ஆண்டே பிரிஸ்டல் பக்கம், ஆலயத்தின் பக்கமே வராத நிலக்கரித் தொழிலாளர்களிடம் திறந்தவெளியில் பேசினார்.

சில மாதங்களிலேயே நாட்குறிப்பில் ஐயங்களை எழுதினாரே என்று கேட்கலாம். எழுதினார்தான். ஆனால் அந்தச் சமாதானம் அவருடைய மனநிலையை நம்பி நிற்கவில்லை, மன்னித்தவரை நம்பி நின்றது. அதனால்தான் ஐயத்தோடும் ஊர் ஊராகப் போக முடிந்தது. நற்செய்தி சொல்வதே திணிப்பு என்ற மறுப்பு இன்னும் கனமானது. அதிகாரத்தின் துணையோடு அப்படி நடந்ததும் உண்டு. வெஸ்லி நாடிப் போனதோ அதிகாரமற்றவர்களை. லண்டன் ஏழைகளுக்கு 1746-இல் இலவச மருந்தகம் தொடங்கினார். சிறுதொழிலுக்குக் கடன் கொடுத்தார். 1774-இல் அடிமை முறையைக் கண்டித்து நூல் வெளியிட்டார்.