கல்லாவும் கல்லூரியும்

கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் செட்டியார் கிட்டங்கிகள் கோலோச்சிய காலத்தில், தொழில் கற்க வந்தவன் பெட்டியடிப் பையன். தரையில் சம்மணமிட்டுக் கைப்பெட்டிமுன் உட்கார்ந்து, வட்டிக் கணக்கை மனத்திலேயே போடப் பழகுவான். பிறகு அடுத்தாள், அதற்கும் பிறகுதான் மேலாள். பிறர் பணத்தைப் பல ஆண்டு பிசகாமல் கையாண்ட பின்பே சொந்தமாகக் கொடுக்கல் வாங்கல் தொடங்கும் துணிச்சல் வரும். அருமையான பயிற்சி. ஆனால் சொந்தச் சமூகத்துப் பையன்களுக்கு மட்டும். பெண்களுக்கு இல்லவே இல்லை.

அதே நகரின் பிரிக்பீல்ட்ஸில் கதை வேறு. ரயில்வே குடியிருப்புத் தமிழருக்குப் படிப்பென்றால் கிராணி எனும் எழுத்தர் வேலை, மாதச் சம்பளம், பென்ஷன். 1938இல் அங்கே பிறந்து, விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்து, 1964இல் ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்த ஆனந்த கிருஷ்ணன் பின்னாளில் மேக்சிஸ், ஆஸ்ட்ரோ நிறுவனங்களை எழுப்பினார். ஆனால் ஒருவரின் உயரத்தைக் காட்டி ஒரு தலைமுறைக்குத் தொழில் கற்பிக்க முடியாது.

2010இல் மலேசிய உயர்கல்வி அமைச்சு பல்கலைக்கழகங்களுக்கான தொழில்முனைவுக் கொள்கையை அறிவித்தது. 2015-2025 உயர்கல்விப் பெருந்திட்டமும் தொழில்முனைவு மனப்பான்மையுள்ள பட்டதாரிகளையே முதல் இலக்காக வைத்தது. வரவேற்கிறேன். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகளுக்கு, தீபாவளிக்கு முந்தைய வாரம் எந்தச் சேலையில் எவ்வளவு குறைக்கலாம் என்பது பள்ளி நாளிலேயே அத்துபடி. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறிக் கிள்ளான் தாமான் குடியிருப்புகளில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைக்குத்தான் பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவுப் பாடம் தேவை. அவன் வீட்டில் யாரும் மொத்த வியாபாரியிடம் பேரம் பேசியதில்லை, கடன் கேட்டு வங்கி மேலாளர்முன் உட்கார்ந்ததில்லை. அவனுக்குத் தன்னம்பிக்கை என்பது முதலில் அந்த நாற்காலியில் உட்காரும் தைரியம்தான்.

பாடம் அந்தத் தைரியத்தைத் தந்துவிடுமா? நெதர்லாந்தில் மாணவர்கள் சிறு நிறுவனம் நடத்திப் பார்க்கும் பாடத்தை ஆராய்ந்து 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. பாடம் முடிந்தபோது தொழில் தொடங்கும் ஆசை குறைந்திருந்ததாம். இதை உடனே தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். இருபது வயதில் தனக்கு ஒத்துவராது என்று தெரிந்துகொள்வது, முப்பதில் வீட்டை அடகு வைத்துத் தெரிந்துகொள்வதைவிட மேல். மாணவன் அச்சத்தால் ஒதுங்கினானா, கணக்குப் பார்த்து ஒதுங்கினானா என்பதே முக்கியம்.

கணக்குப் பார்க்க ஏடு வேண்டும். ஏட்டில் எழுத உண்மையான வரவு செலவு வேண்டும். அழகாக அச்சிட்ட தொழில் திட்டத்துக்கு மட்டும் மதிப்பெண் தருவது போதாது. ஒரு தவணை முழுவதும் மாணவன் எழுதிய பேரேட்டுக்கும், நட்டம் வந்த மாதத்தை அவன் விளக்கும் விதத்துக்கும் மதிப்பெண் தரவேண்டும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைக்காரர்கள் கடைப் பின்னணி இல்லாத மாணவர் ஓரிருவரையாவது கல்லாவருகில் உட்காரவிட வேண்டும். இதைப் பல்கலைக்கழகங்களோடு பேசி முடிக்க வேண்டியவை நம் வணிகர் சங்கங்கள். அடுத்த தவணைக்கே தொடங்கலாம்.