சுடுதண்ணீர், முட்டை, சைக்கிள்



கொடிகாமத்தில் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் அரை மணித்தியாலம் கதை சொல்வது வழக்கம். சென்ற மாதம், நான் ஆங்கிலத்தில் வாசித்த நாவல் ஒன்றை எங்கள் பேச்சுத் தமிழில் சொன்னேன். அமெரிக்காவில் வாழும் இலங்கைத் தமிழ் வழிவந்த வி. வி. கணேசானந்தன் எழுதி, 2023இல் வெளிவந்தது அது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'சகோதரர்கள் இல்லாத இரவு'. பெண் நாவலாசிரியர்களுக்குப் பிரித்தானியாவில் வழங்கப்படும் பெரிய பரிசை 2024இல் பெற்றது.

கதை 1981இல் யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. வைத்தியராக வரவேண்டுமென்று படிக்கும் சசிக்குப் பதினாறு வயது மட்டில். நான்கு சகோதரர்கள். மூத்தவர் 1983 ஜூலை வன்செயலில் கொழும்பில் கொல்லப்படுகிறார். இருவர் இயக்கத்துக்குப் போகிறார்கள். அவளுக்குப் பிடித்த அயல் வீட்டுப் பையன் 'கே'யும் போகிறான்.

கதையில் ஒரு பொருள் திரும்பத் திரும்ப வந்து, தன்னைவிடப் பெரிய ஒன்றை நினைவூட்டினால் அதைக் 'குறியீடு' என்பார்கள். பல்கலைக்கழகத்தில் இந்தச் சொல் எனக்குப் பயமாக இருந்தது. இந்த நாவலிலோ குறியீடுகள் எங்கள் குசினியிலும் முற்றத்திலும் கிடப்பவைதான்.

தொடக்கத்திலேயே சசியின் உடம்பில் சுடுதண்ணீர் ஊற்றுப்படுகிறது. சைக்கிளில் போன கே, அலறல் கேட்டு ஓடிவந்து, முட்டையை உடைத்துக் காயத்தில் ஊற்றுகிறான். (நாங்கள் அப்படிச் செய்யக்கூடாது. சுட்ட இடத்தில் 20 நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.) அதன்பின் காயமும் மருந்தும் கதை முழுவதும் வருகின்றன. சசி காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டுகிறாள். 1987இல் கே உண்ணாவிரதமிருந்து சாகும்போது பக்கத்தில் இருக்கிறாள். அன்று தன்னைக் காப்பாற்றியவனை அவளால் காப்பாற்ற முடியவில்லை.

இன்னொரு குறியீடு புத்தகம். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ். நூலகம் எரிந்தது. பின்னாளில் சசி தன் ஆசிரியையோடு சேர்ந்து, எத்தரப்பு செய்திருந்தாலும் நடந்த கொடுமைகளை எழுதிவைக்கிறாள். அந்த ஆசிரியையில், 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்ட வைத்திய கலாநிதி ராஜினி திராணகமவின் சாயல் தெரிகிறது. எரிந்துபோன எழுத்துக்குப் பதிலாக ஒரு பெண்ணின் எழுத்து!

கதையின் மனநிலையையும் சொல்லவேண்டும். சசி கத்தி அழுவதில்லை. பல வருடங்கள் கழித்து, தாழ்ந்த குரலில் சொல்கிறாள். ஆட்கள் குறையக் குறைய வீட்டில் அமைதி கூடுகிறது. அந்த அமைதி எங்களுக்குத் தெரியும்.

நான் சொல்லி முடித்ததும் ஒருவரும் பேசவில்லை. இரண்டு வருடமாகக் கூட்டத்துக்கு வந்தும் வாய் திறவாத அக்கா ஒருவர், பிறகு மெல்லச் சொன்னார்:

"தம்பியின்ர சைக்கிள் இன்னும் கோடிக்குள்ள கிடக்குப் பிள்ளை. ரயரெல்லாம் உக்கிப் போச்சு. 2000இல இடம்பெயரேக்க உடுப்பை விட்டிட்டு அதைத்தான் உருட்டிக்கொண்டு போனன். பழைய இரும்புக்காரன் வந்து கேக்கிறான். குடுக்க மனம் வரேல்லை."

அவருடைய விபரப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'குடும்பத்தில் இழப்பு' என்ற இடத்தில் 'சகோதரர் 1' என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு இலக்கத்துக்குள் ஒரு சைக்கிள் கிடந்ததை நான் கேட்டறியவில்லை. 'என்ன நடந்தது?' என்று கேட்டால் வாய் மூடிக்கொள்கிறது. 'என்ன வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டால் சில வேளை திறக்கிறது. அன்று இன்னும் மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் ஒரு சோடிச் செருப்பைப் பற்றி, ஒருவர் பாடசாலைக் கொப்பியைப் பற்றி, ஒருவர் கிணற்றடி வாளியைப் பற்றி.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் எறிய மனம் வராத ஒரு பொருள் இருக்கும். மனம் இடம் கொடுத்தால், அதைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பாரம் தாங்கமுடியாமல் போனால் நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடமோ வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலோ பேசுங்கள்.

அந்த அக்கா சைக்கிளை விற்கவில்லை. சென்ற கிழமை போனபோது அது கோடியில் இல்லை. துடைத்து, விறாந்தையில் சாத்தி வைத்திருந்தார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.