பாறையில் இட்ட துளை

2012-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், தென் அமெரிக்காவின் தென்கோடியில், படகோனியாவின் பனிப்பரப்பு ஓரமாக 3,128 மீட்டர் உயரத்துக்கு ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும் செரோ டோரே என்னும் கருங்கல் சிகரத்தின் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்த இரண்டு வாலிபர்கள், அமெரிக்கரான ஹேடன் கென்னடியும் கனடாக்காரரான ஜேசன் க்ரக்கும், நாற்பத்தொரு வருஷங்களாக அதன் தென்கிழக்கு முகட்டில் பதிந்திருந்த எஃகு போல்ட்டுகளில் ஏறக்குறைய 120-ஐப் பெயர்த்தெடுத்துக் கீழே கொண்டுவந்தார்கள். அடிவாரத்து எல் சால்ட்டன் கிராமத்தில் அவர்கள் வந்துசேர்ந்தபோது ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. போலீஸார் இருவரையும் சில மணி நேரம் தடுத்து வைத்து, போல்ட்டுகளைப் பறிமுதல் செய்துகொண்டு அனுப்பினார்கள். உலகெங்கும் உள்ள பாறையேறிகள் அன்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அந்தப் பிரிவினை இன்னும் கூடவில்லை.

கயிற்றையும் கொக்கியையும் கையால் தொட்டிராத வாசகருக்கு இது யாரோ சிலருடைய விளையாட்டுச் சச்சரவாகத் தோன்றலாம். ஆனால் யாருக்கும் தனியுரிமை இல்லாத ஒரு பொதுச் சொத்தின்மேல் தனிமனிதன் ஒருவன் அழியாத அடையாளம் இடலாமா, இட்டுவிட்டால் அதை அழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்னும் கேள்விகளை, சட்டப் புத்தகமும் நீதிபதியும் இல்லாத ஒரு சிறு சமூகம் நூறு வருஷங்களுக்கு மேலாகத் தனக்குள்ளேயே வாதாடி வருகிறது என்பதைக் கவனித்தால், இதைத் தலையங்கத்தில் பிரஸ்தாபிப்பது பொருத்தம் என்று வாசகர் ஒப்புக்கொள்வார் என நம்புகிறோம்.

அந்த போல்ட்டுகளை அடித்தவர் இத்தாலியரான செசாரே மயெஸ்த்ரி. 1959-இல், ஆஸ்திரியரான டோனி எக்கருடன் செரோ டோரேயின் உச்சியை முதன்முதலாக அடைந்ததாக அவர் சொன்னார். இறங்கும் வழியில் எக்கர் பனிச்சரிவில் மாண்டுபோனார், சாட்சியாக இருந்திருக்கவேண்டிய காமிராவும் அவரோடு போயிற்று. நாளடைவில் சந்தேகக் குரல்கள் எழுந்தன. அவமானம் தாளாத மயெஸ்த்ரி 1970-இல் திரும்பி வந்து, பெட்ரோலில் ஓடும் காற்றழுத்த யந்திரம் ஒன்றைக் கயிறு கட்டி முகட்டின்மேல் இழுத்தேற்றி, அதன் விசையால் துளையிட்டுத் துளையிட்டுச் சுமார் 400 போல்ட்டுகளை ஏணிப்படிபோல் பதித்துக்கொண்டே போனார். உச்சியில் தொப்பிபோல் கவிந்திருக்கும் பனிக் காளானின்மேல் அவர் ஏறவில்லை. அது மலையைச் சேர்ந்ததல்ல, என்றாவது ஒருநாள் காற்றில் போய்விடும் என்பது அவருடைய வாதம். இறங்கும்போது தாம் அடித்ததில் கடைசிச் சிலவற்றைத் தாமே உடைத்தெறிந்தார். யந்திரத்தை மட்டும் சுவரிலேயே தொங்கவிட்டுவிட்டு வந்தார். சந்தேகத்துக்கு விடை சொல்ல வந்தவர், சந்தேகத்தைவிடப் பெரிய கேள்வியொன்றை மலையில் அறைந்துவிட்டுப் போனார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

போல்ட் என்பது மற்ற இரும்புகளைப் போன்றதன்று. பாறையின் வெடிப்பில் செருகிப் பின்னால் வருபவன் கழற்றிக்கொண்டு போகும் கருவிகள் உண்டு. வெடிப்பில் சுத்தியலால் அடித்து இறக்கும் ஆப்புகளும் உண்டு. இவ்விரண்டும் வெடிப்பு இருக்கும் இடத்தில்தான் பிடிக்கும். அதாவது வழி எது என்பதைக் கல்லே தீர்மானிக்கிறது, மனிதன் அதைப் படித்துக்கொண்டு போகிறான். போல்ட்டுக்கோ வெடிப்பு வேண்டியதில்லை. வெறுஞ் சுவரில் துளையிட்டு அதற்குள் எஃகை இறுக்கிவிட்டால் போதும். துளையிடப் பொறுமையும் யந்திரத்துக்கு எண்ணெயும் இருக்கும்வரை எந்தச் சுவரும் எவனையும் மறுக்க முடியாது. ரைன்ஹோல்ட் மெஸ்னர் என்னும் மாபெரும் மலையேறி, முடியாதது என்பதையே மனிதர்கள் கொலை செய்கிறார்கள் என்று மனம் நொந்து கட்டுரை எழுதியது இதைக் குறித்துத்தான்.

அவருக்கும் முன்னால், வெறும் ஆப்புக்கே எதிராகக் குரல் கொடுத்தவர் ஒருவர் உண்டு. பவுல் ப்ராய்ஸ் என்னும் ஆஸ்திரிய இளைஞர் 1911-இல் எழுதிய கட்டுரை ஒன்று ஆல்ப்ஸ் மலையேறிகளுக்கிடையே பெரும் வாக்குவாதத்தை எழுப்பியது. ஏறிய வழியிலேயே துணையின்றி இறங்கிவரத் திராணி உள்ளவனுக்குத்தான் ஏறும் உரிமை உண்டு, இரும்பும் கயிறும் ஆபத்துக் காலத்துக்கு உரியனவே அன்றி ஏறும் முறைக்கு அஸ்திவாரம் ஆகா என்பது அவர் கொள்கையின் சாரம். சொன்னதைச் செய்தும் காட்டினார். அதே வருஷம் ப்ரெண்டா மலைத்தொடரின் கம்பனீலே பாஸோ என்னும் கல்தூணில், அதுவரை யாரும் ஏறியிராத கிழக்குச் சுவரில் தனியாக ஏறி, அதே சுவர் வழியாக இறங்கியும் வந்தார். 1913-இல், இருபத்தேழாம் வயதில், தனியாக ஏறிக்கொண்டிருந்தபோது விழுந்து மாண்டார். அவருடைய கொள்கையை அப்படியே கைக்கொண்டால் இன்று பாறையில் கைவைப்பவர்கள் மிகச் சிலரே எஞ்சுவார்கள். எல்லோரும் அதைக் கைக்கொள்ளவேண்டும் என்று நாமும் சொல்ல வரவில்லை. ஆயினும் அளவுகோலை மலையின் பக்கம் வைக்காமல் மனிதனுடைய திறமையின் பக்கம் வைத்தாரே, அந்த ஒன்றுக்காக அவரை நினைக்காமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது.

மயெஸ்த்ரி செரோ டோரேயில் யந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த அதே 1970-இன் பிற்பகுதியில், கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில், எல் கப்பித்தான் என்னும் பெருஞ்சுவரில் வாரன் ஹார்டிங்கும் டீன் கால்ட்வெல்லும் இருபத்தேழு நாட்கள் தொங்கிக்கிடந்து, மழையையும் குளிரையும் பட்டினியையும் தாங்கி, மீட்க வந்தவர்களையும் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டு, சுமார் 300 துளைகள் இட்டு மேலேறினார்கள். இத்தனை துளைகள் இட்டு ஏறிய வழியை இருக்கவிட்டால் நாளை எவரும் எதையும் துளைக்கலாம் என்றாகிவிடும் என்று அஞ்சிய ராயல் ராபின்ஸ், அடுத்த வருஷம் டான் லாரியாவுடன் அதே வழியில் ஏறத் தொடங்கி, கடந்துபோன போல்ட்டுகளை உளியால் வெட்டிக்கொண்டே போனார். ஹார்டிங்குக்கும் அவருக்கும் பழைய போட்டி உண்டு. ஆனால் அவர் உளி எடுத்தது பகையால் அல்ல, கொள்கையால் என்பதில் நமக்கு ஐயமில்லை. கயிற்று நீளம் சில கடந்தன. மேலே போகப் போக, எதிரே இருந்த ஏற்றம் தாம் கீழே நின்று எண்ணியதைவிடக் கடுமையானதாகவும், போல்ட்டுகளுக்கு இடையே ஹார்டிங் காட்டியிருந்த நுட்பமும் நெஞ்சுரமும் அசாதாரணமானவையாகவும் இருப்பதை ராபின்ஸின் கைகளே அவருக்குச் சொல்லின. வெட்டுவதை நிறுத்தினார். எஞ்சிய போல்ட்டுகளை இருந்தபடியே விட்டு, அவற்றைப் பற்றிக்கொண்டே உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். ஊர் அறியப் பிரதிக்ஞை செய்துகொண்டு கிளம்பிய ஒருவர், எதிரியின் வேலையைத் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில், வழியிலேயே உளியைத் தாழ்த்தினாரே, அந்த நேர்மைக்கு ஈடாக இந்த நூறு வருஷ வழக்கில் வேறொன்றை நாம் காணவில்லை.

போல்ட்டே கூடாது என்பது நம்முடைய கட்சியன்று. வெடிப்பே இல்லாத சுண்ணாம்புப் பாறைகளில், சிறுவரும் முதியோரும்கூட அச்சமின்றி ஏறுவதற்கு அது ஒன்றே வழி. அங்கும் அதற்குக் காவல் வேண்டும்: தாய்லாந்தின் ரைலே கடற்கரைப் பாறைகளில் துருவேறாது என்று நம்பி அடித்த எஃகு, உப்புக்காற்றிலும் சுண்ணாம்பு நீரிலும் உள்ளூர விரிசல் கண்டு, வெளிப்பார்வைக்குப் பளபளத்துக்கொண்டே திடீரென்று ஒடிந்ததால், அவற்றை அகற்றி டைட்டேனியம் முளைகளைப் பசையிட்டுப் பதிக்கவேண்டியதாயிற்று. துளையிட்டவன் போய்விடுகிறான், அதை நம்பிப் பாரத்தை விடுபவன் அவனை அறியாதவன். அமெரிக்காவில் வனப்பிரதேசங்களில் நிலையான முளைகள் தகுமா என்னும் விவகாரம் அரசாங்கம் வரைக்கும் போய், 2025 ஜனவரியில் சட்டமாகவே வந்து, தகும் என்று முடிந்தது. அது அரசாங்கத்தின் தீர்ப்பு. எந்தப் பாறையில் எத்தனை என்பது ஏறுகிறவர்களின் மனச்சாட்சிக்கே இன்னும் விடப்பட்டிருக்கிறது.

அந்த மனச்சாட்சியை ஒரு மரபாகவே ஆக்கிக் காட்டியவர்கள் ஜெர்மனியின் சாக்ஸனி நாட்டார். எல்பே நதிக்கரையின் மணற்கல் தூண்கள் மெத்தென்ற கல். இரும்பு பட்டால் தேயும், மழையில் நனைந்தால் நொறுங்கும். ஆகவே அங்கே வெடிப்பில் முடிச்சிட்ட கயிற்றைத்தான் செருகலாம். உலோகக் கருவிகள் ஆகா. போல்ட்டைப் போன்ற நிலையான வளையங்களை முதலில் ஏறுகிறவன், கீழிருந்து ஏறிக்கொண்டே, இன்றியமையாத இடத்தில் மட்டும் பதிக்கலாம்; பிறகு வருகிறவன் தன் பயத்துக்காக ஒன்று கூட்டவும் முடியாது, தன் கர்வத்துக்காக ஒன்று குறைக்கவும் முடியாது. பின்னாளில் ஒரு வளையம் வேண்டும் என்று தோன்றினால் மலையேறுவோர் சங்கத்துக் குழுவினர் கூடி ஆராய்ந்து முடிவு செய்கிறார்கள். முதலாம் உலக யுத்தத்துக்கு முன்பே வேரூன்றிய இந்த வழக்கம், அரசுகள் பல மாறியும் நிலைத்திருக்கிறது.

இந்த உரைகல்லில் செரோ டோரேயை வைத்துப் பார்ப்போம். மயெஸ்த்ரி செய்தது தவறு. அருகிலேயே கருவி செருகத்தக்க வெடிப்புகள் இருந்த இடங்களிலும் அவர் துளைத்திருக்கிறார். கென்னடியும் க்ரக்கும் அந்தப் படிகளைப் பிடிக்காமல் முகட்டில் ஏறிக் காட்டியபின், அவை அவசியம் என்னும் வாதமும் வலுவிழந்தது. சில நாட்களுக்குள்ளாகவே ஆஸ்திரியரான டேவிட் லாமா, பீட்டர் ஓர்ட்னருடன் கூடி, இரும்பைப் பிடித்து இழுக்காமல் தம் கைகால் வலிமையாலேயே அதே முகட்டில் ஏறினார். ஆக, எடுத்தது நியாயம். எடுத்த முறையைப் பற்றித்தான் நமக்கு மனக்குறை. 2007-இல் எல் சால்ட்டனில் மலையேறிகள் கூடி இதே விஷயத்தை விவாதித்து, போல்ட்டுகள் இருக்கட்டும் என்று பெரும்பான்மையாக முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவு பிசகானது என்பதே நம் அபிப்பிராயம். ஆனாலும் பிசகான முடிவை மாற்ற மறுபடியும் அந்தச் சபைக்குத்தான் போயிருக்கவேண்டும். யாரையும் கேளாமல் அடித்தார் என்பதுதானே மயெஸ்த்ரியின்மேல் நாம் சாட்டும் முதற்குற்றம்? எஃகைப் பெயர்த்துவிட்டாலும் துளைகள் பெயராமல் அங்கேயே இருக்கின்றன என்பதையும் மறக்கலாகாது.

மயெஸ்த்ரி 2021-இல் காலமாகிவிட்டார். அவர் விட்டுப்போன காற்றழுத்த யந்திரம் சுவரின் மேற்பகுதியில் இன்னும் தொங்குகிறது. அது சரித்திரச் சின்னம், இருந்துவிட்டுப் போகட்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். எல் சால்ட்டனில் மறுபடியும் ஒரு சபை கூடட்டும். ஊராரும், ஏறுகிறவர்களும், இனி ஏறப்போகும் இளைஞர்களும் அதில் பேசட்டும். யந்திரத்தைக் கீழே இறக்கவேண்டும் என்பது நம்முடைய கட்சி. ஆயினும் அந்தச் சபை தீர்மானிக்கும்வரை ஒருவரும் அதில் கைவைக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம்.