நிம்ஹான்ஸ் பக்கத்தில்தான், தடுப்பது தூரமா, வெட்கமா?

ஓசூர்:-

ஓசூரில் பஸ் ஏறினால் 40 கி.மீ.க்குள், பெங்களூரு ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி. ஆனாலும் தொழிலாளர் குடும்பங்களில் பலர் போகத் தயங்குகிறார்கள். "பைத்தியம்னு பேர் வந்துட்டா பொண்ணுக்கு எப்படி கல்யாணம் ஆகும்?" என்ற பயம்தான் காரணம். முதலில் மந்திரிப்பு, தாயத்து. பிறகு வீட்டுக்குள் பூட்டு.

இப்படி ஒதுக்கி வைப்பதன் விலையை 2001 ஆகஸ்டு 6-ந்தேதி ஏர்வாடியில் தமிழகம் பார்த்தது. சங்கிலியில் கட்டப்பட்ட மனநோயாளிகள் தப்பி ஓட முடியாமல் தீயில் கருகினர். 28 பேர் பலியானார்கள்.

மனநோயாளியை சங்கிலியில் கட்ட 2017-ம் ஆண்டு சட்டம் தடை போட்டுவிட்டது. ஊர் வாய்க்குத்தான் இன்னும் பூட்டு இல்லை.

சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் நோய்தான். தூக்கம் கெட்டு, தனக்குத்தானே பேசுகிறவரை திட்டாதீர்கள்; டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416-க்கு போன் செய்தால் தமிழிலேயே இலவச ஆலோசனை கிடைக்கும்.