அஞ்சறைப் பெட்டியில் ஆங்கிலம்

சகோதரிகளே, உங்கள் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணோ பிள்ளையோ உண்டா? அப்படியானால் இந்த வாரம் நான் எழுதுவது உங்களுக்குத்தான். அதிலும், "நமக்கு இங்கிலீஷ் எங்கே தெரியும்?" என்று ஒதுங்கி நிற்பவராக இருந்தால், அவசியம் படியுங்கள்.

எங்கள் எதிர் வீட்டுப் பெண் இஞ்ஜினீயரிங் முடித்துவிட்டாள். அமெரிக்கா போய் மேற்படிப்புப் படிக்க ஆசை. அதற்காக ஜி. ஆர். இ. என்ற பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். அவளுடைய சித்தப்பா மகன் பல வருஷங்களுக்கு முன் படித்த புத்தகம் ஒன்று அவள் கைக்கு வந்து சேர்ந்தது. தலையணை கனம்! அதில் ஆயிரக்கணக்கான சொற்கள், அகராதி வரிசையில். 'ஏ'யில் ஆரம்பித்தாள். 'டி'க்கு வந்தபோது 'ஏ' முழுவதும் மறந்து போயிற்று.

ஒரு நாள் இரவு அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தாயார் பாலை எடுத்துக்கொண்டு போய், "நான் ஏதாவது கேள்வி கேட்கட்டுமா, கண்ணு?" என்றிருக்கிறார். "உனக்கு என்னம்மா தெரியும்?" என்று பெண் எரிந்து விழுந்துவிட்டாள். மறுநாள் அந்த அம்மாள் என்னிடம் வந்து, "அவள் சொன்னது நிஜந்தானே, அக்கா?" என்றபோது கண் கலங்கியிருந்தது.

நிஜம் இல்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் பரீட்சையைப் பற்றி. ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்கு எதிர்ச்சொல் எது என்று கேட்கும் வழக்கம் 2011 ஆகஸ்டோடு போய்விட்டது. இப்போது வாக்கியத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, பொருந்தும் சொல்லைக் கேட்கிறார்கள். ஒரு வகைக் கேள்வியில் ஆறு சொற்கள் இருக்கும். வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டை எடுக்க வேண்டும். ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் மார்க் கிடையாது. 2023 செப்டம்பரிலிருந்து பரீட்சையையும் சுருக்கிவிட்டார்கள். மொழிப் பகுதியில் 27 கேள்விகள், 41 நிமிஷம், அவ்வளவுதான். ஆகவே, பழைய புத்தகத்தை வரிசையாக உருப்போடுவது வீண் சிரமம். (இன்னொன்று: இந்தப் பரீட்சையை எல்லாச் சர்வகலாசாலைகளும் இப்போது கேட்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது, மறதி. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். படித்ததில் பெரும் பகுதி ஆரம்பத்திலேயே போய்விடுகிறது. பிறகுதான் மெதுவாகக் கரைகிறது. மறக்கப்போகும் சமயம் பார்த்து மறுபடி ஞாபகப்படுத்தினால் நிலைக்கும். இதற்கு லைட்னர் என்பவர் 1972-ல் எழுதிய புத்தகத்தில் ஓர் உபாயம் சொன்னார்: தடுப்புகள் வைத்த ஒரு பெட்டி.

இதைக் கேட்டதும் அந்த அம்மாள், "நம்ம அஞ்சறைப் பெட்டி மாதிரியா?" என்றார். அதேதான்!

பரணிலிருந்து மாமியார் காலத்து மரப்பெட்டி இறங்கியது. பெட்டிக்கு அடங்கும் அளவில் வெள்ளை அட்டைகளை நறுக்கினார்கள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல். மறுபக்கம் தமிழ் அர்த்தம். எல்லாச் சீட்டும் முதல் அறையில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தப்பினால் மறுபடி முதல் அறைக்குத்தான். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்றாவதை வாரம் இரு முறை, நாலாவதை வாரம் ஒரு முறை, ஐந்தாவதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுத்துக் கேட்கலாம். ஒரு நாளைக்குப் புதிதாகப் பத்துச் சொல் போதும்.

கேட்பது யார்? அம்மாதான். ஆங்கிலப் பக்கத்தைப் பெண்ணுக்குக் காட்டி, தமிழ்ப் பக்கத்தைத் தாம் பார்த்துக்கொண்டால் போயிற்று! அர்த்தத்தோடு ஒரு வாக்கியமும் சொல்லச் சொல்லுங்கள். வாக்கியம் வராத சொல் பாதி தெரிந்த சொல்.

குடும்பம் குடும்பமாகச் சொற்களைச் சேர்ப்பதும் நல்லது. பேசுவது என்று பொருள்படும் ஒரு லத்தீன் வேரிலிருந்து வந்தவைதான், வாயாடியைக் குறிக்கும் 'லொக்வேஷஸ்', நாவன்மையைக் குறிக்கும் 'எலொக்வென்ட்', பேச்சு வழக்கைக் குறிக்கும் 'கலோக்வியல்' மூன்றும். ஆனால் முகஜாடையை மட்டும் நம்பி உறவு கொண்டாடக் கூடாது. 'எனர்வேட்' என்றால் 'எனர்ஜி' தருவது போலத் தோன்றும். அர்த்தமோ பலத்தை உறிஞ்சிவிடுவது!

நாலாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். 'ஃப்ரூகல்', 'பார்ஸிமோனியஸ்' இரண்டும் ஒன்றுதானே என்று பெண் இரு சீட்டையும் சேர்த்துப் போட்டாள். தாயார் பின்பக்கங்களைப் பார்த்தார். ஒன்றில் 'சிக்கனம்', இன்னொன்றில் 'கஞ்சத்தனம்'.

"எப்படியடி ஒன்றாகும்? மிஞ்சின சாதத்தில் தண்ணீர் ஊற்றிக் காலையில் பழையது சாப்பிட்டால் சிக்கனம். வந்த விருந்தாளிக்கு மோரில் ஒரு குடம் தண்ணீர் விட்டால் கஞ்சத்தனம். முதலாவதை ஊர் மெச்சும்; இரண்டாவதை ஊர் சிரிக்கும்" என்றார்.

பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, பரீட்சையில் இதைத்தான் கேட்கிறார்கள்" என்றாள்.

சகோதரிகளே, சொல்லின் சாயை என்பது ஆங்கிலத்துக்கு மட்டும் சொந்தமில்லை. நயமாகப் பேசுவதற்கும் குழைந்து பேசுவதற்கும், தைரியத்துக்கும் துடுக்குக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாதா? அதைத் தமிழில் அறிந்தவர் வீட்டில் இருக்கும்போது, குழந்தை ஏன் தனியாக உட்கார்ந்து அழ வேண்டும்?

நேற்று மாலை மோர் வாங்க அந்த வீட்டுக்குப் போனேன். "அம்மா, அடுப்பை அணைத்துவிட்டு வாயேன். இன்னும் பத்துச் சீட்டுக் கேள்" என்று உள்ளேயிருந்து பெண்ணின் குரல். அட்டைகளில் சீரக வாசனை வீசுகிறதாம். அதுவும் ஞாபகத்துக்கு நல்லதுதான் என்று சிரிக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி சும்மா கிடக்குமே?